நடவு முடிந்தால் ஒரு சினிமா

நேற்று போனில் ஒரு படம் பார்த்தேன். முடிந்ததும் திரையில் இரண்டு கட்டைவிரல்கள் வந்து நின்றன, ஒன்று மேலே பார்த்து, ஒன்று கீழே பார்த்து. எதையாவது அமுக்கு என்கிறது. முதல் பாதி தேவலை. வில்லன் நல்ல நடிகர், பாவம், வசனம்தான் கொடுக்கவில்லை. கதாநாயகன் இரண்டாம் பாதியில் எதற்காக வடநாட்டுக்குப் போனான் என்பது அவனுக்கே தெரியாது. இத்தனையையும் ஒரு விரலில் எப்படிச் சொல்வது? தொடாமல் அணைத்துவிட்டேன்.

ஒரு காலத்தில் என் வாய்க்கு மதிப்பு இருந்தது, நம்புங்கள். குத்தாலத்தில் ஓர் உரக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை படம் மாறினால் சனிக்கிழமை பொட்டாஷ் வாங்க வருகிறவர் முதலில் "படம் எப்படிங்க?" என்றுதான் கேட்பார். "பாட்டுக்காக ஒரு தடவ பாக்கலாம். கிளைமாக்ஸுக்கு முன்னாடி எழுந்து வந்துடுங்க" என்பேன். எனக்கு என்ன தெரியும்? ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் விமர்சனம் படிப்பேன், அவ்வளவுதான். நடுவில் 'ஒளிப்பதிவு' என்று ஒரு வார்த்தையைப் போட்டால் கடையில் தனி மரியாதை.

என் சித்தப்பாவிடம் ஒரு வழக்கம் இருந்தது. சம்பா நடவு முடிந்த மறுநாள், நட்ட பெண்களை எல்லாம் டிராக்டரில் ஏற்றி மேட்னி ஷோவுக்கு அனுப்புவார். வருடத்தில் அவர்கள் தியேட்டரில் பார்ப்பது அந்த ஒரு படம்தான். எந்தப் படம் என்று சொல்லும் பொறுப்பை ஒரு வருடம் என் தலையில் கட்டினார். நடவுப் பெண்களை அழைத்து வருகிற ராசாத்தி அக்கா என்னிடம் கறாராகச் சொன்னார்:

"நல்லா சிரிக்கணும் தம்பி. இல்லாட்டி நல்லா அழுவணும். ரெண்டும் இல்லாம எங்கள உக்கார வச்சிடாதீங்க."

ஊரில் இரண்டு படம் ஓடியது. ஒன்று சிரிப்புப் படம். எனக்கு அது குப்பை. இன்னொன்றில் பாட்டே கிடையாது. வயல், மழை, வெள்ளாமை. கொட்டுகிற மழையில் ஒரு பெண் தனியாக நாற்று நடும் காட்சியில் நான் கண்ணைத் துடைத்துக்கொண்டவன். நம் கதையாயிற்றே என்று அதையே சொன்னேன்.

தலை நிறையக் கனகாம்பரம் வைத்துக்கொண்டு பதினாறு பேர் வந்தார்கள். நானும் கூடப் போனேன். நான் அழுத அதே காட்சி வந்தது. பதினாறு பேரும் கொல்லென்று சிரித்தார்கள்.

"என்னக்கா?" என்றேன்.

"அந்தப் பொண்ணு முன்னாடி நடந்துகிட்டே நடுது பாருங்க. நட்டதெல்லாம் காலடியில போவுது!"

அட, ஆமாம். பின்னால் நகர்ந்துகொண்டேதானே நடுவார்கள்! நெல்வயலுக்கு நடுவில் பிறந்து வளர்ந்த எனக்கு அது கண்ணில் படவில்லை. ஏட்டுச் சுரைக்காய்.

அந்த ஒரு சிரிப்போடு சரி. இடைவேளைக்குப் பிறகு பாதிப் பேர் தூங்கினார்கள். டிராக்டரில் ஏறும்போது ராசாத்தி அக்கா கோபமில்லாமல் சொன்னார்: "இருவது நாளா குனிஞ்சு இதத்தான் தம்பி பாத்தோம். ஒரு நாளாச்சும் வேற பாக்கலாம்னு வந்தோம்."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. "அடுத்த வருசம் நீங்க சொல்ற படம்க்கா. சத்தியமா" என்றேன்.

அடுத்த வருடம் நடவு மெஷின் வந்தது. இரண்டே நாளில் வேலை முடிந்தது. "ஆளே வைக்கல, சினிமா எதுக்குடா?" என்றார் சித்தப்பா. நானே அழைத்துப் போயிருக்கலாம். அப்படித் தோன்றவே இல்லை என்று சொன்னால் அது பொய்.

கார்த்திகையில் ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் ராசாத்தி அக்காவைப் பார்த்தேன். ஊரெல்லாம் ஒரு சிரிப்புப் படத்தைப் பற்றியே பேச்சாக இருந்த நேரம்.

"அந்தப் படம் ரொம்ப நல்லாருக்காமே தம்பி?"

எதைக் கேட்கிறார் என்று புரிந்தது. டிராக்டர் வராது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"ரொம்ப சுமார்க்கா. பாக்காதீங்க."

"அப்படியா? நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று பஸ் ஏறிவிட்டார்.

பொங்கலுக்குப் பிறகு அந்தப் படம் ஓடிய தியேட்டரை மூடினார்கள். இப்போது அங்கே கல்யாண மண்டபம். அக்காவிடம் சுமார் என்று சொன்ன அந்தப் படத்தை, தியேட்டரை மூடுவதற்குள் நான் இரண்டு தடவை பார்த்திருந்தேன். இரண்டு தடவையும் வயிறு வலிக்கச் சிரித்தேன்.