மூன்று தாழ்ப் பூட்டு

காலை ஆறு மணிக்குக் குழாயில் தண்ணீர் வரும். புதுச்சேரி முதலியார்பேட்டையின் அந்தச் சந்தில் ஒவ்வொரு வீட்டு மோட்டாராக உறுமத் தொடங்கும். அன்று க்ளெமான்ஸ் அந்தச் சத்தத்தைக் குளியலறைத் தரையில் கிடந்தபடி கேட்டாள்.

கால் வழுக்கியது மட்டும் நினைவிருந்தது. இடுப்பை அசைத்தால் உயிர் போனது. செல்போன் சமையலறையில். கூப்பிட்டுப் பார்த்தாள், குரல் பக்கெட்டைக்கூடத் தாண்டவில்லை.

வயது அறுபத்து மூன்று. இருபத்தாறு ஆண்டுகள் பாரிசுக்கு வெளியே ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவள். கணவர் ரஃபாயேல் இறந்ததும், போன வருடம் ஊர் திரும்பினாள். அங்கேயே தங்கிவிட்ட மகன் ஜோனத்தானுக்கு அது பிடிக்கவில்லை.

"அங்க என்னம்மா இருக்கு? இங்க குழாயத் திறந்தா அப்படியே குடிக்கலாம். லிஃப்ட் இருக்கு. கூப்பிட்டா ஆம்புலன்ஸ் வருது."

அவன் சொன்னதில் பொய் இல்லை. அவள் திரும்பி வர அடுத்த மாதத்துக்கு டிக்கெட்டும் போட்டுவிட்டான். அவள் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அவளை அங்கிருந்து விரட்டியது வேறு. எதிர் ஃப்ளாட்டில் தனியாக இருந்த ஒரு கிழவியின் ஜன்னல் பதினோரு நாள் மூடியே கிடந்தது. மகள் வீட்டுக்குப் போயிருப்பாள் என்று க்ளெமான்ஸ் நினைத்தாள். மாடியில் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். தீயணைப்பு வீரர்கள் வந்து கதவைத் திறந்தபோது படிக்கட்டு முழுக்க நாற்றம். என்னை எத்தனையாவது நாள் கண்டுபிடிப்பார்கள் என்ற பயம் அன்று பிடித்தது.

வரும்போது இன்னொரு பயத்தையும் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தாள். அது திருடனுக்குப் பயந்து அங்கே கதவில் போட்டிருந்த பூட்டு. மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் தாழ் விழும். மாலையானால் உள்ளிருந்து இரண்டு சுற்று பூட்டி, சாவியை அதிலேயே விட்டுவிடுவாள். அப்படி விட்டால் வெளியிலிருந்து வேறு சாவி நுழையாது. பொருத்தித் தந்த தச்சர் கன்னியப்பன் அன்றே கிண்டல் செய்தார்: "பேங்க் லாக்கர்ல யாராச்சும் குடியிருப்பாங்களா மதாம்?"

மோட்டார்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. அவள் வீட்டு மோட்டார் மட்டும் ஓடவே இல்லை.

"மதாம்! தண்ணி நிக்கப் போவுது, மோட்டாரு போடலியா?" பக்கத்து வீட்டு நிர்மலாதேவி.

க்ளெமான்ஸ் வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. காலிங்பெல் அடித்தது. பிறகு கதவு தட்டும் சத்தம், பல கால்களின் சத்தம்.

"எங்கனா ஊருக்குப் போயிருக்கும்," என்றது ஓர் ஆண்குரல்.

எதிர் ஃப்ளாட் கிழவியைப் பற்றி அன்று க்ளெமான்ஸ் நினைத்ததும் இதையேதான்.

"செருப்பு வாசல்லயே கெடக்குது. வெறுங்காலோடவா ஊருக்குப் போவும்? ஒடைங்கய்யா!" நிர்மலாதேவி கத்தினாள்.

கடப்பாரை விழுந்தது. கதவு அசையவில்லை. மறுபடி விழுந்தது. இந்தப் பூட்டை யாராலும் உடைக்க முடியாது என்று விற்றவன் சொல்லியிருந்தான். அவனும் பொய் சொல்லவில்லை. வெளியே நின்ற ஆட்களுக்கும் அவளுக்கும் நடுவே அவளே தேர்ந்தெடுத்த மூன்று தாழ்கள். கண் இருட்டியது.

பிறகு இடி விழுந்ததுபோல் ஒரு சத்தம். வீடெங்கும் புழுதி.

"பூட்டு பிரான்சுப் பூட்டு. செவுரு நம்மூரு செவுருதானே! நெலையோட பேத்துட்டேன்," என்றார் கன்னியப்பன், மூச்சு வாங்க.

ஆஸ்பத்திரியில் கட்டில் கிடைக்க மதியமாகிவிட்டது. அதுவரை வராந்தாவில் நிர்மலாதேவிதான் குளுக்கோஸ் பாட்டிலைக் கை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஜோனத்தான் போனில் அழுதான்.

"இங்கன்னா ஃபயர்காரங்க பத்து நிமிஷத்துல திறந்திருப்பாங்கம்மா."

"திறப்பாங்கப்பா. அவங்களுக்கு யாரு போன் பண்ணியிருப்பா?"

"டிக்கெட்ட கேன்சல் பண்ணிடு," என்றும் சொன்னாள்.

பத்து நாள் கழித்து வாக்கரைப் பிடித்துக்கொண்டு வீடு வந்தாள். கன்னியப்பன் கதவு நிலையைச் சிமெண்டு வைத்து நிறுத்தியிருந்தார். "இதே பூட்டு போடவா மதாம், சாதா தாழ்ப்பாளா?"

பூட்டைக் கையில் வாங்கிப் பார்த்தாள். "இதையே போடுப்பா." ஒரு சாவியை நிர்மலாதேவியின் உள்ளங்கையில் வைத்தாள். பிரான்சில் இருந்தவரை அந்த இரண்டாவது சாவி இழுப்பறையிலேயே கிடந்தது. அக்கம்பக்கத்தில் கொடுக்க ஆள் இல்லை.

மாலையில் இரண்டு சுற்று பூட்டினாள். பழக்கத்தில் கை சாவியை விட்டு விலகியது. நின்று, திரும்பி, அதை உருவிக்கொண்டாள். நாற்காலியில் உட்கார்ந்து அந்த வெற்றுத் துவாரத்தையே பார்த்தாள். அதிலிருந்து கண்ணை எடுக்கப் பயமாக இருந்தது. ஆனாலும் சாவியை அதில் திரும்பப் போடவில்லை.