மலையிறக்கத்தில் மிச்சமான பதினோரு நிமிடம்

என் வீட்டுக்காரருக்கு வண்டியை மெதுவாக ஓட்ட வராது. மணவாள நகரில் ஆட்களை ஏற்றித் தேர்வாய் கண்டிகையில் இறக்கிவிடும் கம்பெனி வேன் டிரைவர் அவர். அந்த வேனில் வேலைக்குப் போய்வந்த என்னோடு பேசிப் பழகி, மூன்றாம் மாதமே தாலியும் கட்டிவிட்டார். அதிலும் அவசரம்தான்.

பஞ்ச் அடிக்கிற நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே கம்பெனி கேட்டில் நிற்பார். அதற்காகவே வேனில் வரும் பெண்களுக்கு அவர்மேல் உயிர். இன்றும் அதே வேனில் வேலைக்குப் போகிற எனக்குத்தான் தினமும் பயம். வேனின் சொந்தக்காரரான கான்ட்ராக்டர் ஏற்கெனவே இரண்டு தடவை கண்டித்திருந்தார். "இன்னொரு வாட்டி ஸ்பீடுன்னு கம்ப்ளெயின்ட் வந்துதுன்னா சாவிய வெச்சிட்டு ஊட்டுக்குப் போயிடு" என்று கடைசியாகச் சொன்னதை நானும் பக்கத்தில் நின்று கேட்டேன்.

இருந்தும் எங்கள் மகளுக்கு மொட்டை போட ஒரு ஞாயிற்றுக்கிழமை வேனைக் கொடுத்தார், நல்ல மனுஷன். ஊத்துக்கோட்டை, நாகலாபுரம், புத்தூர் வழியாகத் திருப்பதி போய், மலையேறி, மொட்டையும் போட்டாயிற்று. இறங்கும்போது மேலே கேட்டில் நேரம் போட்டு ஒரு சீட்டு கொடுத்தார்கள். இவர் அதைப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்தார். சந்தனம் பூசிய தலையோடு மகள் என் மடியில் தூங்கிப்போனாள்.

ஒவ்வொரு வளைவிலும் நான் கதவைப் பிடித்துக்கொண்டு, மனதுக்குள் பெருமாளையும் வாய்விட்டு இவரையும் கூப்பிட்டுக்கொண்டே வந்தேன். அடிவாரம் கண்ணுக்குத் தெரிந்ததும் பெருமையாகத் திரும்பினார்.

"பாத்தியாமே? சீட்டுல போட்ட டைமுக்கு இன்னும் பதினோரு நிமிஷம் கீது."

சாலையோரம் ஏழெட்டு வண்டிகள் சும்மா நின்றிருந்தன. இவரும் நிறுத்தி ஏனென்று கேட்டார். சென்னை டாக்சி டிரைவர் ஒருவர் சிரித்துவிட்டார்.

"இன்னாண்ணே, புதுசா? அந்த டைமுக்கு முன்னாடி கீழ கேட்டுக்குப் போனா ஸ்பீடா வந்தேன்னு அர்த்தம். வண்டி நம்பர எழுதிப்பாங்க. ஓனருக்குப் போயிடும்."

 இந்த மனுஷன் அந்தச் சீட்டையும் ஷிப்ட் நேரமாக எடுத்துக்கொண்டு, அதற்குள் போய்விட வேண்டுமென்று ஓட்டியிருக்கிறார்!

சரி, நாமும் நிற்போம் என்றால், காவலர் ஒருவர் விசிலடித்துக்கொண்டு வந்தார். "இக்கட ஆபகூடது, வெள்ளண்டி" என்று தெலுங்கில் சொல்லி, நிற்கக் கூடாதென்று கையை வீசி எல்லாரையும் கிளப்பிவிட்டார்.

வேறு வழி? வேன் முதல் கியரில் ஊர்ந்தது. நடந்து போகிறவர்கள்கூட எங்களைத் தாண்டியிருப்பார்கள். பின்னால் வந்த வண்டிகள் ஹாரன் அடித்துவிட்டு ஒதுங்கிப் போயின. இவர் நெற்றியில் முத்து முத்தாக வேர்வை. பாவமாகத்தான் இருந்தது, ஆனாலும் வாய் சும்மா இருக்குமா?

"யோவ், இந்த வேல போச்சுன்னா இன்னாயா பண்ணுவ? அப்படி இன்னாதான் அவசரம் ஒனக்கு?"

வேர்வையைத் துடைத்துக்கொண்டார். பிறகு ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார். "நீ வேலைக்கு சேந்த புதுசுல ஒரு நாள் டயர் பஞ்சராச்சு. புது ஆளு, லேட்டுன்னு ஒன்ன மட்டும் கேட்டுலயே நிறுத்திட்டாங்க. வெயில்ல அழுதுகினே நின்னுகினு இருந்தே. வண்டிய திருப்பறப்ப கண்ணாடியில பாத்தேன். அன்னிலேர்ந்து கால் தானா அமுக்குதுமே."

எனக்கு அப்படியொரு நாள் நினைவிலேயே இல்லை. வேலையில் சேர்ந்த புதிதில் எதற்கெல்லாமோ அழுதிருக்கிறேன். இத்தனை வருஷம் நான் திட்டித் தீர்த்த வேகம் முழுக்க என் கண்ணீருக்காக ஓடியது என்று தெரிந்தபோது, அடக்க முடியாமல் அழுகை வந்துவிட்டது. அவர்மேல் அவ்வளவு ஆசையாக இருந்தது.

கீழ் கேட்டில் சீட்டை வாங்கியவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், வேனைப் பார்த்தார், அழுத முகத்தோடு இருந்த என்னையும் பார்த்தார். இன்னும் நேரம் ஆகவில்லைதான், ஆனாலும் நம்பரை எழுதவில்லை. போகலாம் என்று கையைக் காட்டினார்.

ரோடு நேரானதும் பழக்கதோஷத்தில் வேன் சீறியது. நான் அவர் முழங்கால்மேல் கையை வைத்தேன்.

"லேட்டானா நான் கேட்டுல நின்னுக்கறேன்யா. நீ மெதுவா வா."