பதினான்காம் எண் சோப்பு

என் குளியலறை அலமாரியில் ஓர் எவர்சில்வர் சம்படத்தின் மூடி இருக்கிறது. அதற்குள் வார்த்து உறையவைத்த வெள்ளைச் சவரச் சோப்பு. மூடியின் அடியில் ஒட்டிய துண்டுக் காகிதத்தில் 14 என்ற எண்ணும் அதன் கீழே ஒரு தேதியும் நீல மையில் எழுதியிருக்கும். சோப்பு ஆறிப் பக்குவமாகி முகத்தில் போடத் தகுதி பெறும் நாள் அது. அந்த நாள் கடந்து மூன்று மாதமாகிறது. இதுவரை அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை. நான் கடையில் வாங்கிய கிரீமைப் பிதுக்கித்தான் சவரம் செய்துகொள்கிறேன். அதன் வாசனைக்கு ஐஸ் என்று பெயர் போட்டிருக்கிறார்கள். பனிக்கட்டிக்கு வாசனை வந்த கதையை யார் பரிசோதித்துச் சான்றளித்தார்களோ தெரியவில்லை.

சோப்பைச் செய்தவரை நாங்கள் எல்லோரும் இன்சார்ஜ் என்றே அழைத்தோம். ஓசூரில் நான் வேலை பார்த்த ஆலையில் அவர் பிளேட்டிங் எனப்படும் முலாம் பூசும் பிரிவின் பொறுப்பாளர். இரும்பு உதிரிபாகங்களைக் குரோமியத் தொட்டியில் முக்கிப் பளபளப்பாக்கி அனுப்பும் பிரிவு அது. அவருக்கு ஊர் கர்நாடக எல்லையோரத்துத் தளிப் பக்கம். வீட்டில் கன்னடம், ஆலையில் தமிழ், தொட்டி மக்கர் செய்தால் தெலுங்கு. நான் திருநெல்வேலியிலிருந்து பிழைக்க வந்து தரக்கட்டுப்பாட்டுத் துறையின் தலைவனாக ஓய்வு பெற்றவன். எந்தக் காரியத்துக்கும் ஒரு படிவம் உண்டு என்று நம்பியவன். படிவம் இல்லாத இடங்களில் நானே ஒன்றைத் தயாரித்தேன்.

ஓய்வுக்குப் பிறகு சிலர் கோயில் கோயிலாகப் போவார்கள், சிலர் மனை பார்ப்பார்கள். இன்சார்ஜ் சோப்புக் காய்ச்சினார். தேங்காய் எண்ணெய், ஸ்டியரிக் அமிலம், பொட்டாஷ் காரம், கடைசியில் கொஞ்சம் கிளிசரின். வாழ்நாளெல்லாம் அமிலத்தோடும் காரத்தோடும் குடித்தனம் நடத்தியவருக்கு அது பெரிய வித்தையில்லை. ஏன் சவரச் சோப்பு என்று கேட்டேன். “பொம்பளைங்களுக்குச் சோப்பு செய்ய ஆயிரம் பேரு இருக்காங்க சார். தாடிக்காரன கவனிக்க யாரு இருக்கா?” என்றார். பிறகு என் தாடையைக் கண்ணாலேயே அளந்துவிட்டு, “உங்க மூஞ்சிதான் சார் என் லேப். தோலும் முரடு, ஆளும் முரடு. இதுல பாஸ் ஆனா எங்கயும் பாஸ் ஆகும்” என்றார்.

அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமைக் காலைகள் தொடங்கின. அவர் ஒரு சோப்போடு வருவார். நான் பிரஷை நனைத்து நுரை எழுப்பி அவர் முன்னாலேயே சவரம் செய்துகொள்வேன். அவர் பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து, தொட்டியைப் பார்ப்பதுபோல என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். முதல் வாரமே நான் ஒரு படிவம் அச்சிட்டுவிட்டேன். நுரை, வழுக்கல், எரிச்சல், வாசனை என்று நான்கு கட்டங்கள். கீழே பரிசோதித்தவர் கையொப்பம். ஒன்றாம் எண்ணில் நுரை நிற்கவில்லை. இரண்டில் கன்னம் எரிந்தது. மூன்றிலிருந்து சோப்பு சரியாகிவிட்டது. மீதிப் போராட்டமெல்லாம் வாசனையோடுதான்.

முதலில் ரோஜா. எங்கள் ஊரைச் சுற்றிப் பசுமைக் குடில்களில் விளைந்து விமானம் ஏறும் ரோஜாவுக்கு வாசனை கிடையாது, அழகு மட்டும்தான் என்பதை அவர் எப்படி மறந்தாரோ! கடைசியில் கடையில் எசன்ஸ் வாங்கிக் கலந்தார். அடுத்து புதினா, யூகலிப்டஸ், வெட்டிவேர், காப்பித்தூள். ராயக்கோட்டைச் சந்தையிலிருந்து தக்காளிச் செடியின் இலையைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து எண்ணெயில் ஊறவைத்தார். ஒவ்வொரு முறையும் மணம் முந்தையதைவிடத் தூக்கலாக இருந்தது. யூகலிப்டஸ் சோப்பில் எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. நான் வழக்கம்போல வாசனைக் கட்டத்தில் ‘போதுமானது’ என்று எழுதி நீட்டுவேன். அவருக்கு அந்தச் சொல்லைப் பார்த்தாலே ஆகாது.

“போதுமானதுன்னா எப்படி சார்? இது என்ன டைமென்ஷனா? எப்படி இருக்குன்னு வாய்விட்டுச் சொல்லுங்க.”

“நல்லா இருக்குய்யா.”

“நல்லா இருக்குன்னு எங்க மாமியார்கூடத்தான் என்னைச் சொல்லுச்சு.”

ஒன்பதாம் எண் சோப்பைச் சந்தனம் என்று சொல்லிக் கொடுத்தார். மூடியைத் திறந்ததும் எனக்குக் குமட்டியது. எண்ணெய் சிக்குப் பிடித்து அழுகிய நாற்றம். அவரோ முக்காலியில் முன்னால் சாய்ந்து, நல்ல செய்திக்குக் காத்திருப்பவரைப் போல முகம் மலர்ந்திருந்தார். கேலி செய்கிறார் என்று நினைத்தேன். கேலி இல்லை. கன்னத்தில் காயம் ஒன்று இருக்கிறது, அது ஆறட்டும் என்று பொய் சொல்லி அன்று சோப்பை ஒதுக்கிவைத்தேன்.

மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் காய்கறி வாங்கப் போயிருந்தார். அவருடைய மனைவி வாசலிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். “அவுருக்கு மூக்கே இல்லைங்கண்ணா. பால் தீஞ்சாலும் தெரியாது, எலி செத்தாலும் தெரியாது. உங்ககிட்ட மட்டும் சொல்லவே கூடாதுன்னாரு. சார் மனசு கஷ்டப்படும்னாரு.” எப்போதிருந்து என்று கேட்டேன். “பிளேட்டிங்ல இருந்தப்பவே போச்சுண்ணா. அந்த ஃபேன் ஓடாம கெடந்துச்சே, அப்ப.”

அந்த ஃபேன் எனக்கு நன்றாகத் தெரியும். குரோமியத் தொட்டியின் மேல் எழும் அமில ஆவியை உறிஞ்சி வெளியே தள்ளும் விசிறி. மோட்டார் எரிந்துபோனது, மாற்று மோட்டார் வரவில்லை. விசிறி இல்லாமல் தொட்டியை ஓட்டுவது விதிமீறல். ஆனால் விதிமீறலுக்கும் எங்களிடம் ஒரு விதி இருந்தது. டீவியேஷன் என்பார்கள். குறைபாடு இன்னது, காரணம் இன்னது, முப்பது நாளைக்கு மட்டும் அனுமதி, மாற்று ஏற்பாடு இன்னது என்று எழுதி, பிரிவுப் பொறுப்பாளர் கேட்டுக் கையெழுத்திட, தரக்கட்டுப்பாட்டுத் தலைவர் ஒப்பிக் கையெழுத்திட வேண்டும். முப்பது நாள் முடிந்தால் புதுத்தாள். மாற்று ஏற்பாடு என்ற இடத்தில், ‘பணியாளர்கள் முகக்கவசம் அணிய வேண்டும்’ என்று என் கையால் எழுதினேன். அங்கே இருந்தவை துணிக் கவசங்கள். ஆவியைத் தடுக்கும் கவசம் வேண்டும் என்று எழுதியிருக்கலாம். படிவத்தில் அதற்கு இடம் இருந்தது. மாதாமாதம் நான் கையெழுத்திட்டேன். இரண்டு வருடத்துக்கு மேல் அது தற்காலிகமாகவே இருந்தது. தணிக்கைக்கு வந்தவர்கள் கோப்பைப் புரட்டிப் பார்த்து, ஒரு மாதத் தாள்கூட விட்டுப்போகவில்லை என்று என்னைப் பாராட்டிவிட்டுப் போனார்கள். நானும் மகிழ்ந்தேன்.

இதை அவரிடம் சொல்லியாக வேண்டும் என்று முடிவு செய்தேன். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் சொல்லவில்லை. முகமெல்லாம் நுரையோடு இருப்பவன் மன்னிப்புக் கேட்பது சரியாக இருக்காது என்று எனக்கு நானே காரணம் எழுதிக்கொண்டேன். சொல்வதற்குப் பதிலாக வாசனைகளை விவரிக்கத் தொடங்கினேன். முதலில் எனக்கு வரவில்லை. பிறகு கொஞ்சம் வந்தது. தக்காளி இலையை அவர் மறுபடி செய்து கொண்டுவந்தபோது, “கூடையைத் தூக்கின கையை முகத்துக்கிட்டக் கொண்டு வந்தா இருக்குமே, பச்சையா, கொஞ்சம் கசப்பா, அது” என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு தன் உள்ளங்கையை மூக்கில் வைத்துப் பார்த்தார். வெகுநேரம் வைத்திருந்தார்.

“வரல சார்” என்றார். மறைக்க வேண்டியதில்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது, மனைவி சொல்லியிருப்பார். “ஏதாவது ஒண்ணாவது உள்ள போவும்னு பாத்தேன். விக்கிறதுக்கெல்லாம் இல்ல சார் இது. என் மூக்குக்கு ஏதாவது ஒண்ணு கேக்காதான்னுதான்.”

அப்போது சொன்னேன். பிளேடைக் கீழே வைத்துவிட்டு, “அந்த டீவியேஷன்ல நான் கையெழுத்துப் போட்டிருக்கக் கூடாதுய்யா” என்றேன்.

 அவர், “நானுந்தான போட்டேன். ரெண்டு கையெழுத்து இருந்தாத்தான அந்தப் பேப்பரு செல்லும்” என்றார். “லைன நிறுத்தினா எல்லாரும் என்னைத்தான் கேப்பாங்கன்னு நான்தான தூக்கிட்டு ஓடியாந்தேன் உங்ககிட்ட. ஒரு மாசம் நீங்க லீவுல இருந்தப்ப, கையெழுத்துக்கு உங்க வூடு வரைக்கும் வந்தேன். காப்பி குடுத்தீங்க.”

காப்பி கொடுத்தது எனக்கு நினைவில்லை. அவருக்கு நினைவிருந்தது. அவர் என்னைக் குற்றம் சொல்லியிருந்தால் நான் பதில் தயாரித்திருப்பேன். குற்றத்தில் பாதியை அவர் எடுத்துக்கொண்டுவிட்டார். மீதிப் பாதியை என்ன செய்வதென்று எந்த நடைமுறையும் எனக்குச் சொல்லவில்லை.

கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னார். “அடுத்தது வாசனையே போடாம செய்யறேன் சார். ரோஜாவும் பேடா, சந்தனமும் பேடா, எதுவும் வேணாம். அது உங்களுக்கும் எனக்கும் ஒரே மாதிரி இருக்கும். அந்த ஒண்ணுல நாம ரெண்டு பேரும் ஒரே கையெழுத்து.”

அதுதான் பதினான்காம் எண். வார்த்துவிட்டேன், நாலு வாரம் ஆறட்டும் என்று போனில் சொன்னார். இரண்டாவது வாரம், குருபரப்பள்ளியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது பஸ்ஸிலேயே நெஞ்சு வலி வந்து இறந்துபோனார். காரியமெல்லாம் முடிந்த பிறகு அவருடைய மனைவி சம்பட மூடியைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். “தேதிக்கு முன்னாடி சார் தொடக் கூடாதுன்னு சொல்லியிருந்தாருண்ணா. சொல்லலன்னாலும் நீங்க தொட மாட்டீங்களாம்.”

தொடவில்லை. தேதி வந்த ஞாயிற்றுக்கிழமை முக்காலியை எதிரில் போட்டு, படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு, மூடியை மூக்கருகே கொண்டுபோனேன். வாசனை கலக்காத சோப்புக்கும் ஒரு வாசனை இருக்கிறது. அணைத்த மெழுகுவத்தியும் தேங்காய் எண்ணெயும் சேர்ந்தது போல, மிக லேசாக. அவருக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. எங்களுக்குப் பொதுவாக ஒன்றைச் செய்துவிட்டோம் என்று நினைத்தபடியேதான் அவர் அந்தப் பஸ்ஸில் ஏறியிருப்பார்.

வாசனைக் கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதினால் அவர் விரும்பியதாக இருக்கும். அது உண்மையாக இருக்காது. உண்மையல்லாத படிவங்களில் மாதாமாதம் கையெழுத்திட்டவனுக்கு இன்னும் ஒன்று பெரிய விஷயமில்லை. ஆனாலும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மூடியை எடுக்கிறேன், முகர்கிறேன், திரும்ப அலமாரியில் வைத்துவிட்டு ஐஸ் வாசனைக் கிரீமைப் பிதுக்குகிறேன். படிவம் கண்ணாடிக்குப் பின்னால் செருகியிருக்கிறது. நான் கையெழுத்திடாமல் வைத்திருக்கும் ஒரே தாள் அதுதான்.