பக்கிள் மேல் நிற்கிற வரிசை

பெட்டியைத் திறந்தபோது இருந்தவர்கள்: முதலாளி பாய். பாலிஷ் போடும் அண்ணன். வேலூரிலிருந்து வந்த ரசாயன மருந்துக் கம்பெனி மேடம். பக்கிளை மருந்தில் முக்கி எடுக்கும் நான்.

ஆம்பூரில் ஷூவுக்குப் பித்தளை பக்கிள் செய்யும் பட்டறை அது. அனுப்பின சரக்கு கறுத்துப்போய்த் திரும்பி வந்திருந்தது. இன்னொரு தடவை கறுத்தால் ஆர்டர் போய்விடும், பட்டறையை மூடிவிடுவேன் என்று பாய் சொல்லியிருந்தார். சொன்னால் செய்கிறவர்.

அதற்காகத்தான் மேடத்தைக் கூப்பிட்டார். அவர் கொண்டுவந்த மருந்து தண்ணீர் மாதிரி இருந்தது. நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

"இதுல இருக்கிற மூலக்கூறு ஒவ்வொண்ணும் பித்தளையில காலை ஊனிக்கிட்டு நிக்கும். நெருக்கமா, வரிசையா. காத்தும் ஈரமும் உள்ள போவாது."

"யாரு நிக்க வெப்பாங்க?" என்றேன்.

"யாரும் வேணாம். தானா நிக்கும்."

பாய் சிரித்தார். "ரேஷன் கடையிலயே தானா நிக்காத ஊரு மேடம் இது."

"எடம் சுத்தமா இருந்தா நிக்கும். எண்ணெய் பட்ட எடத்துல நிக்காது."

அண்ணன் பாலிஷ் போட்ட பக்கிளைத் தோல் துண்டில் தேய்த்துக்கொண்டிருந்தார். எங்கள் ஊரில் எதைத் துடைக்கவும் தோல் துண்டுதான். மேடம் பதறினார். தோலில் எண்ணெய் இருக்கிறது என்றார்.

"இன்னா மேடம், தோல்ல ஒரு தேய் தேய்ச்சாதான் மினுக்கும்."

மேடம் துண்டை வாங்கிக்கொண்டு ரப்பர் கையுறை கொடுத்தார்.

புதிதாக நூறு பக்கிள். அண்ணன் பாலிஷ் போட்டுக் கழுவி, ஒவ்வொன்றாகத் தட்டில் அடுக்கினார். நான் இடுக்கியால் எடுத்து மருந்தில் இறக்கினேன்.

"வரிசையா நிக்குதான்னு எட்டிப் பாரு தங்கச்சி," என்றார் அண்ணன்.

மறுநாள் எடுத்து, கறுக்கிறதா என்று சோதிக்க மேடம் கொண்டுவந்த சூடும் ஈரமுமான பெட்டியில் வைத்தோம். மேடம் சொன்ன நேரம்வரை காத்திருந்தோம்.

திறந்தோம். முதல் பக்கிளில் ஓரமெல்லாம் தங்கம் மாதிரி இருந்தது. நடுவில், கட்டைவிரல் அகலத்துக்குக் கறுப்பு. அடுத்ததிலும் அதே இடத்தில்.

"கையுறை போடலையா?"

"போட்டேனே மேடம்."

"ஈரக் கையுறைய எதுல தொடச்சீங்க?"

அண்ணன் குனிந்து பார்த்தார். இடுப்பில் கட்டியிருந்தது தோல் ஏப்ரன். அதன்பிறகு அவர் நிமிரவில்லை.

"வுடுப்பா," என்றார் பாய். "நானும் பக்கத்துலதான் நின்னேன். எனக்கும் தோணல."

கறுக்காததை மட்டும் பொறுக்கித் தட்டில் வைத்தார்.

நூறில் பதினொன்று.