பங்களாத் தேத்தண்ணி

தோட்டத்து ஆட்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கும் எங்கள் லயத்தில் ஒரு பேச்சு உண்டு. பங்களாத் தேத்தண்ணி குடித்தவன் சொல்லைக் கேட்காதே என்பார்கள்.

நான் கல்யாணமாகி இந்த மடுல்கெல்லப் பக்கத்துத் தோட்டத்துக்கு வந்த புதிதில் ஒரு வேலைநிறுத்தம் நடந்தது. எங்களுக்காகப் பேச வந்த தலைவர் மாலையும் கழுத்துமாக நின்று தொண்டை கிழியக் கத்தினார். மறுநாள் தோட்டத்தை நடத்தும் துரை கூப்பிட்டார் என்று பங்களா வராந்தாவுக்குப் போனார். கதிரையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தார். இறங்கி வந்து, "எல்லாம் பேசியாச்சு, நாளைக்கு எல்லாரும் வேலைக்குப் போங்க" என்றார். என்ன பேசினார் என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அதைப் பார்த்தவர்களில் என் வீட்டுக்காரரும் ஒருவர். அன்றிலிருந்து அவர் எந்தத் தலைவரையும் நம்பியதில்லை. அந்த வியாதி எனக்கும் ஒட்டிக்கொண்டது. அவர் சத்தமாகச் சந்தேகப்படுவார். நான் வாயைத் திறக்காமல் சந்தேகப்படுவேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்போது அந்தப் பங்களாவில் துரை இல்லை. வெள்ளைக்காரர்கள் வாடகைக்கு வந்து தங்கிப் படம் பிடித்துவிட்டுப் போகிறார்கள். துரை கீழே வேறு வீட்டில் இருக்கிறார். பங்களாவை ஒட்டித்தான் எங்கள் லயத்துக்கு வரும் ரோட்டு. என் மாமனார் காலத்து ஆட்கள் கல் உடைத்துப் போட்ட ரோட்டு அது. போன வருஷம் அதன் குறுக்கே ஒரு இரும்புக் கேட்டைப் போட்டு, சங்கிலி சுற்றிப் பூட்டிவிட்டார்கள். வந்து தங்குகிறவர்களுக்கு ஆட்டோச் சத்தம் தொந்தரவாம்.

தேயிலைக் கொழுந்து பறிக்கும் மலை வழியாக இறங்க இன்னொரு பாதை இருக்கிறது. காலுள்ளவர்களுக்கு அது பாதை. என் வீட்டுக்காரருக்குச் சீனி வியாதியில் ஒரு கால் போய்விட்டது. மற்றக் காலிலும் புண். கிளினிக்குக்குக் கண்டி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். முன்பெல்லாம் ஆட்டோ எங்கள் வாசலுக்கே வரும். கேட்டுப் போட்ட பிறகு, அவரைப் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார வைத்து ஆம்பிளைகள் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். அவர் சும்மா இருக்க மாட்டார்.

"பாத்துடா, தேரு சாயுது! வடத்த ஒழுங்காப் புடிங்கடா!"

தூக்கியவர்கள் சிரித்தார்கள். மழைக்காலம் வந்ததும் சிரிப்பு நின்றது. படியில் ஒருவன் வழுக்கி விழுந்தான். அதற்குப் பிறகு கிளினிக் நாளில் ஆட்களைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. ஒரு தடவை யாரும் கிடைக்கவில்லை. கிளினிக் தவறிப்போய், புண் கறுக்கத் தொடங்கியது. இருக்கிற காலும் போய்விடுமோ என்ற பயம் எனக்கு. அவரிடம் சொல்லவில்லை. அவரும் என்னிடம் சொல்லவில்லை.

அப்போதுதான் அந்தப் பெண் கிளம்பினாள். எங்கள் லயத்தில் கடைசிக் காம்பரா வீட்டுக்கு மருமகளாக வந்தவள். குண்டசாலைப் பக்கம் துணி தைக்கும் கார்மெண்டில் வேலை பார்த்தவள், சிங்களம் தண்ணீர் மாதிரி பேசுவாள். அவள் வீடு வீடாக வந்தாள்.

"பெரியம்மா, நாளைக்குக் காலையில கேட்டுக்கு முன்னால போய் உக்காரப் போறோம். பொம்பளைங்க மட்டும். வாறப்போ கீரை கொண்டு வாங்க."

"கீரையா?"

"முருங்கைக் கீரை, வல்லாரை, கையால ஆயிறது எதுன்னாலும் சரி. கத்தி வேணாம். கையில வேலை இருந்தா கல்லு எடுக்கத் தோணாது. வாயில ஒரு கெட்ட வார்த்தையும் வரப்படாது."

உள்ளே படுத்திருந்தவர் கேட்டார்: "ஆம்பளைங்க நாங்க என்னாத்த செய்யறது?"

"புள்ளைங்களப் பாத்துக்கிட்டு சோறாக்குங்க பெரியப்பா."

"சரிதான். போராட்டம் தோத்தாலும் உப்பில்லாத சோறு நிச்சயம்."

அவள் சிரித்துவிட்டுப் போனாள். அவள் போனதும் அவர் என்னைப் பார்த்தார்.

"இவளுக்கு இதுல என்னா கெடைக்கிது?"

நானும் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவள் வீட்டில் நோயாளி இல்லை. நாளைக்கே கார்மெண்டுக்குத் திரும்பிப் போகலாம். பிறகு ஏன்?

ஆனாலும் போனேன். கால் என் வீட்டுக்காரருடையது அல்லவா.

கேட்டுக்கு முன்னால் சாக்கை விரித்து உட்கார்ந்தோம். கோஷம் கிடையாது. கீரை ஆய்ந்தோம். கொழுந்து பறிக்க மலைக்குப் போகிறவர்கள் போய்விட்டு மத்தியானம் வந்து உட்கார்ந்தார்கள், என்னைப் போல் வேலையிலிருந்து நின்றவர்கள் நாள் முழுக்க இருந்தோம். வெள்ளைக்காரர்கள் பங்களாவிலிருந்து எட்டிப் பார்த்துக் கையசைத்தார்கள். சந்தை என்று நினைத்திருப்பார்கள். ஒருத்தி இறங்கி வந்து ஒரு கட்டு வல்லாரையை விலைக்குக் கேட்டாள். எங்களுக்கு வந்த சிரிப்பில் இலை காம்பெல்லாம் கலந்துபோயிற்று.

பிறகு பொலிஸ் வந்தது. யார் சொல்லி வந்தார்களோ. அந்தப் பெண் எழுந்து போய்ச் சிங்களத்தில் பேசினாள். நீளமாகப் பேசினாள். நடுவில் சிரிக்கவும் செய்தாள். பொலிஸ்காரரும் சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்புப் பிடிக்கவில்லை. எங்களைப் பற்றிப் பேசும்போது சிரிக்க என்ன இருக்கிறது? எனக்குத் தெரிந்த சிங்களம் கடையில் சாமான் வாங்க மட்டும்தான் போதும். பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டேன்.

"என்னா சொல்றாளாம்?"

"ரோட்டுல கீரை ஆயக்கூடாதுன்னு சட்டம் இருக்கான்னு கேக்கறா."

அதை மட்டும்தான் சொன்னாளா என்று யாருக்குத் தெரியும்? பொலிஸ்காரர்கள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்கள். அவ்வளவு சுலபமாகப் போனதும் எனக்கு உறுத்தியது.

அந்த வாரக் கடைசியில் பங்களாவைக் காவல் காக்கும் வாச்சர் வந்தான். துரை பங்களா வராந்தாவில் இருக்கிறாராம், தலைவியை மட்டும் பேச வரச் சொன்னாராம். வராந்தா என்ற சொல் காதில் விழுந்ததும் எல்லார் கையும் நின்றுவிட்டது. ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம். ஒரு கிழவி முனகினாள்: "ம், தேத்தண்ணி கொதிக்குது போல."

அந்தப் பெண் அதைக் கேட்டாள். எங்கள் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, நேரே என்னிடம் வந்தாள்.

"பெரியம்மா, நீங்க கூட வாங்க."

"நானா? எனக்குப் பேச வராது புள்ள."

"பேச வேணாம். என்னைய நம்பவும் வேணாம். நீங்கதான் என்னைய ரொம்பச் சந்தேகமாப் பாத்துக்கிட்டு இருக்கீங்க. அதே மாதிரி பாத்துக்கிட்டு வாங்க, போதும்."

எனக்கு முகம் சுட்டது. மறுக்கவும் முடியவில்லை. கையில் ஒட்டிய கீரையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அவள் பின்னால் நடந்தேன்.

அந்த வராந்தாவில் நான் அதுவரை கால் வைத்ததில்லை. துரை எழுந்து, "வாங்க, உக்காருங்க" என்றார். அவள் உட்கார்ந்தாள். நான் கதிரை நுனியில் பாதி உடம்பை வைத்தேன். தேத்தண்ணி வந்தது. துரைக்கு வைத்த அதே மாதிரிப் பீங்கான் கோப்பை, பூப்போட்டது, கீழே தட்டு. நான் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கோப்பையைத் தொடவில்லை.

துரை அவளிடம் பேசவில்லை. என்னிடம் பேசினார்.

"அம்மா, உங்க ஊட்டுக்காரருக்குத்தானே கால் ஏலாம இருக்கு? எனக்கு முன்னமே சொல்லியிருக்கலாமே. நீங்க எப்ப வேணுமானாலும் வாச்சர்கிட்ட சொல்லுங்க. உங்க ஆட்டோவுக்கு மட்டும் தொறந்து விடச் சொல்றேன்."

நல்ல மனுஷர் மாதிரித்தான் பேசினார். கிளினிக், கறுத்த புண், மழையில் வழுக்கும் படி எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்தன. சரி ஐயா என்று ஒரு சொல் சொன்னால் போதும். அந்தப் பெண்ணைத் திரும்பிப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டுமென்றேதான் பார்க்காமல் இருந்தாள். அந்த நேரத்தில்தான் எனக்குப் புரிந்தது. இவ்வளவு நாளும் அவளுக்கு வரும் என்று நான் காத்திருந்த தேத்தண்ணி எனக்கு வந்திருக்கிறது.

"சாவி யாருகிட்ட இருக்கும்?" என்று கேட்டேன். என் குரல்தானா என்று எனக்கே தெரியவில்லை.

"வாச்சர்கிட்டதான்."

"வாச்சர் இல்லாட்டி?"

துரை சிரித்தார். "அதெல்லாம் பாத்துக்கலாம்."

பாத்துக்கலாம் என்ற சொல்லை நான் சின்ன வயதிலிருந்து கேட்டு வருகிறேன். நான் எழுந்தேன். வெறுங்கையோடு இறங்கினால் கீழே இருப்பவர்கள் நம்ப மாட்டார்கள். நானாக இருந்தாலும் நம்பமாட்டேன். எனக்கு வைத்த கோப்பையைத் தட்டோடு தூக்கிக்கொண்டேன். அவளும் ஒன்றும் கேட்காமல் தன் கோப்பையைத் தூக்கிக்கொண்டாள். துரை, "எங்க போறீங்க?" என்றார்.

"சார், ஒங்களுக்குச் சொல்ல இருக்கிறத அங்க வந்து எல்லாருக்கும் சொல்லுங்க" என்றாள் அவள்.

வராந்தாவிலிருந்து கேட்டு வரைக்கும் கோப்பை தட்டில் கடகடவென்று அடித்தது. வழியெல்லாம் சிந்தினால் குடித்துவிட்டேன் என்பார்களே என்ற பயம்தான் எனக்கு. சாக்கின் மேல் இரண்டு கோப்பையையும் வைத்தோம். கிழவி குனிந்து பார்த்தாள்.

"நெறஞ்சுதான் இருக்கு" என்றாள் மற்றவர்களிடம். பிறகு மோந்து பார்த்து, "ஏலக்காய் எல்லாம் போட்டிருக்கான்" என்றாள்.

துரை இறங்கி வந்தார். நோயாளிகளுக்குத் திறந்து விடுவோம் என்று எல்லாருக்கும் முன்னால் சொன்னார். அந்தப் பெண் எங்களைப் பார்த்தாள். எங்கள் கூட்டத்திலிருந்து ஒருத்தி கேட்டாள், "சாவி யாருகிட்ட?" அடுத்தவளும் அதையே கேட்டாள். சண்டை இல்லை, சத்தம் இல்லை. ஒவ்வொருத்தியாக அதே கேள்வி. துரை மேலிடத்தில் பேசுகிறேன் என்று போய்விட்டார்.

நாங்கள் அதற்குப் பிறகும் உட்கார்ந்தோம். கீரை தீர்ந்து, அரிசியில் கல் பொறுக்கினோம். ஒரு காலையில் போனபோது பூட்டு இல்லை. கேட்டு அகலத் திறந்து கிடந்தது. சங்கிலியை மட்டும் தூணில் சுற்றி வைத்திருந்தார்கள்.

என் வீட்டுக்காரருக்கு இன்னும் அந்த ஒரு கால் இருக்கிறது. அந்தப் பெண்ணைக் கண்டியில் ஏதோ கூட்டத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்களாம். அடுத்த எலக்‌ஷனில் நிற்கப் போகிறாள் என்றும் பேசுகிறார்கள். போவதற்கு முன் வந்து, "பெரியம்மா, நீங்களும் வாங்களேன்" என்றாள். என்னைக் கூட்டிக்கொண்டு வராந்தாவுக்குப் போனது சாட்சிக்கா, என்னைச் சோதிக்கவா என்று அன்றும் கேட்க வாய் வரவில்லை.

கிளினிக் நாளில் ஆட்டோ வாசலுக்கே வருகிறது. கேட்டுக் கிட்டே வந்ததும் நான் நிறுத்தச் சொல்லி இறங்குவேன். சங்கிலியைத் தூக்கிப் பார்ப்பேன், புதுப் பூட்டு ஏதாவது தொங்குகிறதா என்று. ஆட்டோக்காரன் ஹோர்ன் அடிப்பான்.

"அதான் தொறந்து கெடக்கே, ஏறுங்கம்மா!"

உள்ளேயிருந்து என் வீட்டுக்காரர் சொல்வார்: "அவ பாக்கட்டும்டா. நல்லாப் பாருடி, அந்தப் பக்கமும்."