எங்கள் வீட்டில் வேட்பாளர் தேர்ந்த ஞாயிறு

அமெரிக்காவின் இரண்டு பெரிய கட்சிகளில் ஒன்று முதன்முறையாக ஒரு கறுப்பினத்தவரைத் தன் ஜனாதிபதி வேட்பாளராக அறிவித்த அன்று, மாமா எனக்குத் தொலைபேசினார். அம்மாவின் தம்பி அவர். அப்போது அவருக்கு அறுபதை நெருங்கும் வயது. "பாத்தியா அம்மணி, நான் அன்னைக்கே சொன்னேனில்ல" என்றார்.  சொன்னார்தான், ஒரு நாள் இது நடக்கும் என்று ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பே சொன்னார். அதை முதலில் கேட்டவள் நான். "ஆமாங்க மாமா" என்று சொல்லி ரிசீவரை வைத்தேன். நல்ல செய்தியைக் கேட்டுவிட்டு முகத்தை ஏன் இப்படி வைத்திருக்கிறாய் என்று என் கணவர் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவர் கேட்கவில்லை.

நான் பல ஆண்டுகளாக நாட்குறிப்பு எழுதுபவள். நான் சொல்லப்போகும் சம்பவம் நடந்தபோது எனக்குப் பத்து வயது, அந்தப் பழக்கம் வந்திருக்கவில்லை. ஆகவே உறுதியாக நினைவில் இருப்பதை மட்டும் எழுதுகிறேன். சந்தேகமானவற்றை விட்டுவிட்டேன்.

எண்பதுகளின் பிற்பகுதி. நீலகிரியில், குன்னூரை ஒட்டிய வெலிங்டனில் அப்பா ராணுவ அலுவலகம் ஒன்றில் சிவிலியன் கிளார்க். மாமா குன்னூரில் வேலை கிடைத்து எங்களோடு தங்கியிருந்தார். அந்த ஆண்டு அமெரிக்காவில் ஒரு கறுப்பினத் தலைவர் தன் கட்சியின் வேட்பாளராக வேண்டும் என்று போட்டியிட்டுக்கொண்டிருந்தார். அங்கே எதிர்க்கட்சியோடு மோதுவதற்கு முன் சொந்தக் கட்சிக்குள்ளேயே மாநிலம் மாநிலமாக ஜெயித்து வர வேண்டும் என்று மாமா எனக்கு விளக்கினார். அட்லஸிலிருந்து அமெரிக்காவை டிரேசிங் தாளில் எடுத்து, பெரிதாக வரைந்து, முன்னறைச் சுவரில் ஒட்டினார். கோவையிலிருந்து பஸ்ஸில் வரும் ஆங்கிலச் செய்தித்தாளை மதியத்துக்கு மேல் படித்துவிட்டு, இன்ன மாநிலம் இன்னாருக்கு என்று சொல்வார். வண்ணம் தீட்டுவது என் வேலை. கறுப்பர் என்றதும் முதல் நாள் நான் கறுப்பு கிரயானை எடுத்தேன். மாமா சிரித்துவிட்டுச் சிவப்பைக் கையில் கொடுத்தார்.

தெற்கே சில மாநிலங்கள் சிவப்பாயின. பிறகு வடக்கே மிச்சிகனும் சிவப்பானது. அன்று மாமா எனக்கு பேக்கரியிலிருந்து மொறுமொறு வர்க்கி வாங்கி வந்தார். "நல்லவருதான், ஆனா ஜெயிக்க மாட்டாருங்கறாங்க. அப்படிச் சொல்றவங்கதான் அவரைத் தோக்கடிக்கிறவங்க" என்றார். இந்த இரண்டு வாக்கியங்களையும் நான் மனப்பாடம் செய்தேன்.

படத்தைப் பார்க்க அடிக்கடி வந்தவர் தேவசகாயம். எஸ்டேட் ஃபேக்டரியில் ஃபிட்டர். எங்கள் வீட்டுக்கு மேலே, தேயிலைக்கு நடுவில் இருந்த லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருந்தார். எங்கள் சர்ச்தான் அவருக்கும்; கோயில் என்றுதான் சொல்வோம். அவர் மகள் எஸ்தர் ஞாயிறு பள்ளியில் என் பக்கத்தில் உட்காருபவள். "நம்ம ஆளு எப்படி இருக்காருங்க?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வருவார். மாமாவைவிட அவர் பத்து வயதாவது மூத்தவர். மாமா அவரை நீ என்பார். அவர் மாமாவை நீங்க என்பார். அது எனக்கு அப்போது விசேஷமாகத் தோன்றவில்லை.

எங்கள் கோயிலில் அந்த ஆண்டு கமிட்டித் தேர்தல் வந்தது. இரண்டு அணிகள் உண்டு. எங்கள் அணி ஒவ்வொரு முறையும் ஒரு வீட்டில் கூடி, செயலாளர் பதவிக்கு யாரை நிறுத்துவது என்று முடிவு செய்யும். லயத்து ஓட்டுகளையெல்லாம் எங்கள் அணிக்குச் சேர்த்துக் கொடுப்பவர் தேவசகாயம். கிறிஸ்துமஸ் பவனிக்குப் பெட்ரோமாக்ஸ் தூக்கியதும், கூரை ஒழுகியபோது மேலே ஏறியதும் அவர்தான். ஆனால் அவர் பெயரை யாரும் முன்மொழிந்ததில்லை. இந்த முறை மாமா முன்மொழிவதாக இருந்தார். "உன் பேரை நானே சொல்றேன், பேசாம இரு" என்று எங்கள் முன்னறையிலேயே அவருக்கு வாக்குக் கொடுத்தார். நான் அப்போது படத்துக்குக் கடல் வரைந்துகொண்டிருந்தேன்.

ஈஸ்டருக்குப் பிந்தைய ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்ததும், கூட்டம் எங்கள் வீட்டில் நடந்தது. அன்று காலை எஸ்தர் என் காதில் சொன்னாள்: "எங்கப்பாவுக்குப் புதுச் சட்டை. அம்மா பாயசம் வெக்குது. அப்பா பேரு வந்துருச்சுன்னா லயத்துக்கே குடுக்கும்." கோடை மழை தூறிக்கொண்டிருந்தது. பெரியவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் நாற்காலிகளிலும் கட்டிலிலும் உட்கார்ந்தார்கள். தேவசகாயம் வாசல் அருகே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். கட்டிலில் இடம் இருந்தது.

கூட்டம் தொடங்குமுன் மாமா என்னைப் படத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினார். நான் அடிக்கோலால் ஒவ்வொரு மாநிலமாகத் தொட்டுப் பெயர் சொன்னேன். கடைசியில் மனப்பாடம் செய்திருந்த இரண்டு வாக்கியங்களையும் சொன்னேன். எல்லோரும் கை தட்டினார்கள். பெரிய கிளார்க் ஒருவர், "ஏனுங்க, உங்க மருமவ உங்களையே தூக்கிச் சாப்பிட்டுருவா போல" என்றார். தேவசகாயம்தான் கடைசி வரை தட்டினார்.

பிறகு தேநீர் வந்தது. பேச்சு செயலாளர் பதவிக்குத் திரும்பியது. மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு தேவசகாயத்தின் பெயரைச் சொன்னார். உண்மையாகவே சொன்னார்; அதை நான் மறைக்கக்கூடாது.  பெரிய கிளார்க் கோப்பையைப் பார்த்தபடி, "எங்களுக்கு ஒண்ணும் இல்லீங்க. சனம் ஏத்துக்கணுமில்ல?" என்றார். இன்னொருவர், "பிஷப்பைப் பாக்க டயோசிஸ் ஆபீசுக்குப் போகணும், நாலு பேருகிட்டப் பேசணும்" என்றார். லயத்து ஆள் என்றோ வேறு எதுவோ யாரும் சொல்லவில்லை. எல்லோரும் அவரைப் புகழ்ந்தார்கள். ஒரு மனிதனைப் பற்றி அவ்வளவு நல்ல வார்த்தைகளை நான் அதற்கு முன் ஒரே மூச்சில் கேட்டதில்லை.

மாமா சுற்றிலும் பார்த்தார். "நல்லவருதான்" என்றார். "ஆனா இந்தத் தடவ ஜெயிக்கறது முக்கியம்."

எனக்கு மகிழ்ச்சி. என் பாடத்தின் முதல் வாக்கியம் அது. இரண்டாவது வாக்கியத்தை மாமா எப்போது சொல்வார் என்று காத்திருந்தேன். நான் வாய்ப்பாட்டை நடுவில் மறப்பதுபோல் அவரும் மறந்துவிட்டார் என்று நினைத்து, எடுத்துக் கொடுக்க வாயைத் திறந்தேன். அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

அப்பாவின் பெயரைச் சொன்னது பெரிய கிளார்க். அப்பா வேண்டாம் என்று ஒருமுறை சொன்னார். ஒருமுறைதான்.

அப்போது தேவசகாயம் ஸ்டூலிலிருந்து எழுந்தார். புதுச் சட்டையின் மடிப்புகள் அப்படியே இருந்தன. "நானே முன்மொழியறேனுங்க" என்று சொல்லி அப்பாவின் முழுப் பெயரையும் மரியாதையாகச் சொன்னார். நாங்க எல்லாரும் கூட இருப்போம், லயத்து ஓட்டு ஒண்ணுகூட வெளிய போகாது என்றும் சொன்னார். அறை முழுவதும் கை தட்டியது. மாநிலங்களின் பெயர்களைச் சொன்னபோது எனக்குத் தட்டியதைவிட அதிகம். மாமா எழுந்து வந்து அவர் தோளில் கை போட்டு, "அடுத்த தடவ கண்டிப்பா நீதான்" என்றார். அடுத்த தடவையும் அப்பாதான் நின்றார். அதற்கடுத்த தடவையும்.

நான் வெளியே வந்தேன். மழை விட்டிருந்தது. கேட்டுக்குக் கீழே, வளைவில் இருந்த சில்வர் ஓக் மரத்தடியில், எஸ்தர் தன் அப்பாவுக்காகக் குடையோடு நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. பாவாடை ஓரம் நனைந்திருந்தது. என்னைப் பார்த்ததும் ஓடி வந்தாள்.

"அப்பா பேரைச் சொன்னாங்களா?"

"எங்க மாமாதான் மொதல்ல சொன்னாரு" என்றேன்.

"அப்புறம்?"

"அப்புறம் உங்கப்பா எந்திரிச்சுப் பேசுனாரு. எல்லாரும் எவ்வளவு நேரம் கை தட்டுனாங்க தெரியுமா?"

இதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. என் அப்பாவைத் தேர்ந்தெடுத்ததை மட்டும் நான் சொல்லவில்லை. நம் வீட்டுப் பெருமையை வெளியே போய்ப் பேசக்கூடாது என்று அம்மா எனக்குக் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருந்தார். அன்று அம்மா சொன்னபடி நடந்துகொண்டதில் எனக்குக் கொஞ்சம் கர்வமே இருந்தது.

எஸ்தர் குடையை என் கையில் திணித்தாள். தேயிலைக்கு நடுவே லயத்துக்குப் போகும் மேட்டுப் பாதையில், பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அம்மா அம்மா என்று கூப்பிட்டபடி ஓடினாள். அவள் பாதி தூரம் ஏறியிருந்தபோது தேவசகாயம் கேட்டைத் திறந்து வெளியே வந்தார்.

"எங்க ஓடுறா அவ, பாப்பா?"

"அவங்க அம்மாகிட்டச் சொல்லறதுக்கு."

"என்னன்னு?"

சொன்னேன். எஸ்தரிடம் சொன்னதை அப்படியே, ஒரு சொல் விடாமல். அவர் மேலே பார்த்தார். கூப்பிடுவதற்காகக் கையை உயர்த்தினார், வாயும் திறந்தது.  மேலே லயத்தில் ஒரு கதவு திறந்தது. இரண்டு மூன்று பெண்கள் வெளியே வந்து இந்தப் பக்கம் பார்ப்பது தெரிந்தது. அவர் கையை இறக்கிக்கொண்டார்.

"சரிதான் பாப்பா. சரியாத்தான் சொல்லிருக்க" என்றார்.

என் கையிலிருந்த குடையை வாங்கி விரித்து, முகத்துக்கு முன்னால் நன்றாகத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு, மேட்டில் மெதுவாக ஏறத் தொடங்கினார். வானம் வெளுத்து வெயிலே வந்துவிட்டது. மழை நின்றதுகூடத் தெரியாமல் இவ்வளவு பெரிய ஆள் குடை பிடித்துப் போகிறாரே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவிடம் சொல்வதற்காக, சிரித்துக்கொண்டே வீட்டுக்குள் ஓடினேன்.