மண்ணூர்பேட்டையில் மூன்று நாள் ஓடிய டச்சுப் படம்

டூரிங் கொட்டகை நடத்துகிறவனுக்கு வாய்தான் மூலதனம். அவனுக்கு நஷ்டம் வருவதும் அந்த வாயால்தான். கீற்றுக் கொட்டகை போட்டு மழைக்கும் படப்பெட்டிக்காரனுக்கும் பயந்து பிழைத்தவர்கள் யாராவது இதைப் படித்தால், தலையை ஆட்டாமல் இருக்க மாட்டார்கள்.

எழுபதுகளில் மண்ணூர்பேட்டையில் என் கொட்டகை இருந்தது. பெண்கள் பக்கத்து டிக்கெட் கவுண்டரில் என் மனைவி தெய்வானை உட்காருவாள். கைக்குழந்தைக்குத்தான் இலவசம். ஒருநாள் நடக்கிற பிள்ளை ஒன்றை டிக்கெட் இல்லாமல் உள்ளே விட்டாள். வரிசை முழுக்கப் பார்க்க, பிள்ளையை வெளியே தள்ளி, டிக்கெட் கட்டைப் பிடுங்கி மண்ணில் வீசினேன். அவள் கவுண்டரைப் பூட்டிச் சாவியை என் உள்ளங்கையில் வைத்துவிட்டு, குமணன்சாவடியில் இருக்கிற அம்மா வீட்டுக்கு பஸ் ஏறிவிட்டாள். இரண்டு மாசம் ஆயிற்று. கவுண்டர் பூட்டியே கிடந்தது; பெண்களுக்கும் ஆண்கள் பக்கத்து ஆள்தான் டிக்கெட் கொடுத்தான். நான் கூப்பிடப் போகவில்லை. முதலில் இறங்கி வருகிறவன் பேரத்தில் தோற்றான் என்பது நான் அடிபட்டுக் கற்ற பாடம். அந்தச் சமயத்தில்தான் இந்தப் படம் வந்தது.

பெட்டி எடுக்கப் போனது

மவுண்ட் ரோடில் ஒரு விநியோகஸ்தர் ஆபீஸ். சண்டைப் படம் ஒன்றுக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தேன். போய் நின்றால், பெட்டி வேறு ஊருக்குப் போய்விட்டது என்றார்கள். மேஜையைத் தட்டினேன். மாடிப்படிக்குக் கேட்கும்படி கத்தினேன். கடைசியில் மூலையில் கிடந்த ஒரு பெட்டியைக் காட்டினார்கள். டச்சுக்காரன் எடுத்த காதல் படமாம். பழவேற்காட்டில் கல்லறையை விட்டுவிட்டுப் போனானே, அதே டச்சுக்காரன். மூன்று நாளைக்கு வாடகையைப் பாதிக்கும் கீழே இறக்கினேன்.

ஆனாலும் மனசு ஆறவில்லை. “சண்டைக்குக் காசு வாங்கிட்டுக் காதலைத் தலையில கட்டுறீங்களேய்யா!” என்றேன். அங்கிருந்த குமாஸ்தா, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: “எடுத்துனு போ அண்ணாத்தே. பாதிப் படம் ரெண்டு பேரும் சண்டைதான் போட்டுகினு கீறாங்க.”

பாஷை புரியாத முதல் ஆட்டம்

கதை இதுதான். ஒரு கால்வாய். அதன்மேல் ஒரு பாலம். படகு வந்தால் சக்கரத்தைச் சுற்றிப் பாலத்தைத் தூக்கிவிடுகிறவன் கதாநாயகன். சரக்குப் படகுக்காரன் மகள் கதாநாயகி. ஒருவர்மேல் ஒருவருக்கு அப்படி ஒரு வெறி. ஆனால் அவனுக்கு மூக்குமேல் கோபம். தட்டை எறிவான், கதவை உதைப்பான். பிறகு மழையில் சைக்கிளை மிதித்துக்கொண்டு அவள் பின்னாலேயே ஓடுவான்.

பேச்சு டச்சு பாஷை. கீழே இங்கிலீஷ் எழுத்து. நான் இரண்டு எழுத்து கூட்டுவதற்குள் அது ஓடிவிடும். அதனால் முகத்தைத்தான் பார்த்தேன். ஒரு கட்டம். அவன் கத்திவிட்டுப் போய்விட்டான். அவள் மேஜையில் உட்கார்ந்து ரொட்டி தின்கிறாள். அழவில்லை. மென்றுகொண்டிருந்த வாய் மட்டும் நடுவில் நின்றுவிடுகிறது, மறுபடி மெல்கிறது. அவ்வளவுதான். பின்னணி இசை கிடையாது. டைரக்டர் காமிராவை எடுத்துக்கொண்டு எங்கேயும் போகவில்லை, அவளோடு உட்கார்ந்திருந்தான். விசில் அடிக்க வந்த தரை டிக்கெட் கூட்டம் கப்சிப். நடிப்பென்றால் கண்ணீர் குடம் என்று அதுவரை நினைத்திருந்தவன் நான்.

வார்ப்படப் பட்டறையில் வேலை பார்க்கும் ஒரு ஆள் வெளியே வந்து பீடி பற்றவைத்தான். “இன்னா மாமே, புரிஞ்சுதா?” என்றேன். “பாஷ ஒண்ணும் புரியல நைனா. ஆனா எங்கூட்டுலயும் அவ அப்டித்தான் துன்னுவா” என்றான்.

முடிந்த பிறகும் ஓடிய படம்

அந்த முதல் நாள் இன்னொன்றும் நடந்தது. எங்களிடம் ஒரே மெஷின். ஒரு ரீல் முடிந்தால் விளக்கைப் போட்டு அடுத்ததை மாட்டுவோம். நாலாவது டின்னில் இருந்ததை ஆபரேட்டர் காதர் பாய் ஓட்டினார். கதாநாயகி அப்பாவின் படகில் ஏறிப் போகிறாள். திரையில் ஏதோ எழுத்து வந்து நின்றது. என்னவென்று யாருக்குத் தெரியும்? இன்னும் ஒரு டின் மிச்சம் இருந்தது. அதையும் மாட்டினார். அதில் அவன் மழையில் சைக்கிளில் போய் அவளைச் சமாதானம் செய்கிறான். இருவரும் கட்டிக்கொண்டு சிரிக்கிறார்கள். படம் சட்டென்று நின்றது. சனங்கள் சந்தோஷமாகக் கலைந்தார்கள்.

மறுநாள் காலை காதர் பாய் ஃபிலிமின் ஆரம்பத் துண்டில் இருந்த ரீல் நம்பரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எங்களுக்கு முன்பு ஓட்டிய கொட்டகையில் கடைசி இரண்டு டின் மூடிகளை மாற்றிப் போட்டிருந்தார்கள். திரையில் வந்து நின்ற எழுத்து ‘முற்றும்’. சமாதானம்தான் முதலில். அதற்கப்புறமும் அவன் ஒருதடவை கத்துகிறான். அவள் போயே போய்விடுகிறாள். இரண்டாம் நாள் சரியாக ஓட்டினோம். சேர்ந்துவிடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு மண்ணூர்பேட்டைப் பெண்கள் கூட்டமாக வந்திருந்தார்கள். முதல் நாளே பார்த்துவிட்டு மாமியாரையும் இழுத்துக்கொண்டு வந்த ஒருத்தி என்னை வாசலிலேயே மடக்கினாள்: “நேத்து சேத்து வச்ச குடும்பத்த இன்னிக்கு எதுக்குய்யா பிரிச்ச? உன் ஊட்டுக் கடுப்ப எங்க மேல காட்றியா?”

எந்த ரீல் கடைசி?

மூன்றாம் நாள், கடைசி நாள். இடைவேளையில் காதர் பாய் மெஷின் ரூமிலிருந்து கை காட்டிக் கூப்பிட்டார். “மொதலாளி, அண்ணி வந்துகீறாங்க. தங்கச்சியோட. டிக்கெட் வாங்கினு பெண்கள் பக்கம் குந்திகினு கீறாங்க” என்றார். துளை வழியாகப் பார்த்தேன். தெய்வானைதான். என் கொட்டகையில் காசு கொடுத்து உட்கார்ந்திருந்தாள்.

பாய் கடைசி இரண்டு டின்னையும் என் முன்னால் வைத்தார். முதல் நாள் மாதிரி மாற்றிப் போட்டால் கடைசியில் இருவரும் சிரிப்பார்கள். தெய்வானை மனசும் இளகலாம். சொத்தைக் கத்தரிக்காயை அடியில் போட்டு விற்றுத்தான் நான் வாழ்க்கையை ஆரம்பித்தவன். இது எனக்குப் புதிதில்லை. ‘மாற்று’ என்று சொல்ல வாயைக்கூடத் திறந்துவிட்டேன்.

அப்போது ஒன்று உறைத்தது. மாற்றிப் போட்டால் அவன் எவ்வளவு கத்தினாலும் அவள் வந்துகொண்டே இருப்பாள். கத்தியதற்கு விலையே இருக்காது. டைரக்டர் சொன்னது அதுவல்ல. கடைசிக் கட்டத்தில் அவள் போகிற படகுக்கு அவன்தான் பாலத்தைத் தூக்கியாக வேண்டும். அது அவன் வேலை. காமிரா படகைக் காட்டாது. சக்கரத்தைச் சுற்றும் அவன் கையும், முகத்தின்மேல் மெதுவாக நகரும் படகின் நிழலும்தான். படம் முழுக்கக் கத்தியவன் அங்கே உதட்டைக்கூட அசைக்கவில்லை. அந்த நடிகன் பேர் எனக்கு வாசிக்க வரவில்லை. அவனைக் கும்பிட வந்தது. “சரியாவே ஓட்டு பாய்” என்றேன். காதர் பாய் டின்னைத் திறந்துகொண்டே முணுமுணுத்தார்: “ஊட்டுக்காரம்மா திரும்பி வரலன்னா என்னச் சொல்லக்கூடாது மொதலாளி.”

கவுண்டர் சாவி

படம் விட்டது. பூட்டிய கவுண்டருக்குப் பக்கத்தில் நின்றேன். தெய்வானை தங்கையை முன்னால் அனுப்பிவிட்டு வந்து நின்றாள். இரண்டு மாசமாகச் சட்டைப்பையில் கனத்த சாவியை எடுத்து நீட்டினேன். “அன்னிக்கு நான் செஞ்சது தப்பு” என்றேன். அவள் சாவியை வாங்கவில்லை.

“கவுண்டர்ல நான் வச்சதுதான் சட்டம். நாலு பேர் முன்னால கொரல் ஒசரக் கூடாது. அன்னிக்கு வெளிய தள்ளுனியே, அந்தக் கொழந்தயோட அம்மா கிட்ட நீயே போய்ப் பேசணும்” என்றாள். சரி என்றேன்.

அப்புறம்தான் சாவியை எடுத்தாள். திரைப் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “அந்த ஆளு படகு போவ சொல்லோதான் வாய மூடினான். நீ கொஞ்சம் முன்னாலயே மூடினுகீற, அதான் சாவிய வாங்கிகினேன்.”

எத்தனையோ படப்பெட்டிக்கு அடித்துப் பேசி விலை குறைத்த நான், சொன்ன விலைக்கே மறுபேச்சில்லாமல் வாங்கியது அந்த மூன்று நிபந்தனைகளைத்தான். இன்றுவரை நான் செய்த வியாபாரத்தில் கையைக் கடிக்காததும் அது ஒன்றுதான்.